ஜிப்சிக்கு 235 டயர் ஏற்றியாச்சு, இனி கிரௌன் பினியனையும் மாற்றணுமா?

காரமடை கிங்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2011 ஜிப்சி கிங், சாஃப்ட் டாப். 205/70 ஆர்15 டயர்கள் தேய்ந்துபோனதால், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் 235/75 ஆர்15 மட் டெரெய்னாக மாற்றிவிட்டேன். வண்டியை உயர்த்துகிற நீளமான ஷேக்கில் (பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் இணைப்பு) ஏற்கெனவே இருப்பதால் எங்கேயும் உரசவில்லை. பார்க்கவும் வண்டி கம்பீரமாக இருக்கிறது.

ஓட்டத்தில்தான் சிக்கல். கோத்தகிரி ரோட்டில் மூன்றாவதில் ஏறிய இடமெல்லாம் இப்போது இரண்டாவது கேட்கிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நிறுத்த வேண்டியதாகிவிட்டால், மறுபடி கிளப்பும்போது கிளட்ச் வாடை வருகிறது. பைபாஸில் ஐந்தாவது போட்டு 80இல் போனால் வண்டி முக்குகிறது.

ஒரு மெக்கானிக் கிரௌன் பினியன் (ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கிற பல்சக்கர ஜோடி) மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் ஆக்ஸிலை மட்டும் பிரிக்காதே, பிரித்தால் ஆயுசுக்கும் ஊளைச் சத்தம்தான் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பல்லெண்ணி

யார் பேச்சும் வேண்டாம், முதலில் கணக்கைப் பார்ப்போம்.

பழைய டயரின் விட்டம் 668 மி.மீ. புதியது 733 சொச்சம். கிட்டத்தட்ட 9.8 சதவீதம் அதிகம். கிங்கின் ஆக்ஸில் ரேஷியோ 3.73, அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகிற தண்டு) 3.73 தடவை சுற்றணும். டயர் பெரிதானதால் அது இப்போது 3.40 போட்ட மாதிரி வேலை செய்கிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், உங்கள் 103 நியூட்டன் மீட்டர் இன்ஜின் சுமார் 94 நியூட்டன் மீட்டர் இன்ஜினாகச் சுருங்கிவிட்டது. அந்த 103கூட 4500 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். 2500க்குக் கீழே இந்த இன்ஜினிடம் பெரிதாக எதுவும் கிடையாது.

பைபாஸ் விஷயத்தில் ஒரு சின்ன வேடிக்கை இருக்கிறது. ஜிப்சியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (கியர்பாக்ஸின் விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துத் தருகிற பெட்டி) வருகிறது. டயர் எவ்வளவு பெரிதென்று அதற்குத் தெரியாது. மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் 88இல் போகிறீர்கள். சாஃப்ட் டாப் ஜிப்சி 88இல் கிழிக்க வேண்டிய காற்று கொஞ்சநஞ்சமல்ல. முக்கத்தான் செய்யும்.

உண்மையான 80இல் கணக்குப் போட்டால், ஐந்தாவது கியரில் பழைய டயருக்கு இன்ஜின் சுமார் 2650 ஆர்பிஎம் சுற்றும். இப்போது 2415தான்.

சும்மா ஓட்டு

அதான் நாலாவது கியர் இருக்கே தம்பி? ஐந்தாவது இழுக்கவில்லை என்றால் நாலாவதில் போங்கள். உண்மையான 80இல் நாலாவதில் 3000 ஆர்பிஎம் வரும், அது இந்த இன்ஜினுக்கு ஒன்றுமே இல்லை. 6000 வரை சுற்றுகிற இன்ஜினை 2400இல் வைத்துக்கொண்டு இழுக்கவில்லை என்று அழுதால் எப்படி?

கிரௌன் பினியன், பேரிங், சீல், கூலி என்று கொட்டுகிற காசில் ஒரு வருஷம் பெட்ரோல் போடலாம். நான் இதே 235 டயரில் பல வருஷமாக ஓட்டுகிறேன். வால்பாறை நாற்பது கொண்டை ஊசியும் ஏறி இறங்கியாகிவிட்டது. கம்பெனி ஆக்ஸில் அப்படியே இருக்கிறது, ஒரு சத்தம் கிடையாது.

பல்லெண்ணி

அண்ணா, ஐந்தாவதுக்கு நீங்கள் சொல்வது சரிதான், நாலாவதுக்கு இறங்கிக்கொள்ளலாம். நாலாவது இழுக்காவிட்டால் மூன்றாவது. இப்படியே இறங்கிக்கொண்டே வந்து முதல் கியரில் நிற்கும்போது, அதற்குக் கீழே இறங்க என்ன இருக்கிறது? ரிவர்ஸும் அப்படித்தான், அதற்கும் மாற்று கிடையாது.

டயர் பெரிதாக்கியவர்கள் எல்லோரும் பைபாஸையும் ஐந்தாவது கியரையும்தான் பேசுகிறார்கள். அங்கே நஷ்டம் கொஞ்சம் சத்தமும் கொஞ்சம் பெட்ரோலும், அவ்வளவுதான். காரமடைத் தம்பி எழுதியதில் எனக்குக் கவலை தந்தது கிளட்ச் வாடைதான். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது முதல் கியர் போதாத குறையை கிளட்ச் தேய்ந்து ஈடுகட்டுகிறது. அதற்கும் காசு ஆகும், என்ன, தவணை முறையில் ஆகும்.

சும்மா ஓட்டு

4 லோ (நாலு சக்கரமும் இழுக்கிற, வேகம் குறைந்த கியர்) எதுக்கு இருக்கு? லீவரைப் போட்டுவிட்டு ஏறு.

பல்லெண்ணி

தார் ரோட்டில் 4 லோ போட்டுக் கொண்டை ஊசி திருப்பினால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஜிப்சியில் நடுவில் டிஃபரன்ஷியல் (ரெண்டு ஆக்ஸிலையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற அமைப்பு) கிடையாது. காடு, மண், ஈரப் புல் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுக்கொடுத்துவிடும், தாரில் அது நடக்காது. முன் சக்கரத்தில் ஃப்ரீவீலிங் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கிற பூட்டு) இருக்கிற வண்டி என்றால் ஹப்பைத் திறந்து வைத்துவிட்டு லோ போடலாம். அப்போது பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும், முறுக்கல் வராது. ரிவர்ஸில் பார்க்கிங் ஏற்றுவதற்கு நல்ல வழி. ஆனால் கோத்தகிரி ஏறும்போது ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இதைச் செய்ய முடியாது.

ஷார்ஜா மணல்

இங்கே என்னுடையது ராங்லர் ஸ்போர்ட், 3.6 பெட்ரோல். 31.5 இன்ச்சிலிருந்து 35க்குப் போனேன். சதவீதம் பார்த்தால் 11, உங்கள் ஜிப்சியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனாலும் ஆக்ஸிலைத் தொடாமலே ரொம்ப நாள் ஓட்ட முடிந்தது. 353 நியூட்டன் மீட்டர் இன்ஜின், 8 ஸ்பீடு ஆட்டோ, முதல் கியரே 4.71. மேலே எட்டாவதுக்குப் போகாமல் ஏழிலேயே கிடக்கும், வேறு குறை தெரியவில்லை.

பாலைவனத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. மெத்தென்ற மணலில் மேடு ஏறும்போது கியர்பாக்ஸ் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும், ஆயில் சூடாகிவிடும். 4.56 போட்டதும் அது நின்றது. ஜீப் கம்பெனியே 35 இன்ச் டயரோடு தந்த எக்ஸ்ட்ரீம் ரீகான் பேக்கேஜில் 4.56 ஆக்ஸில்தான் வந்தது. 33 இன்ச் டயர் போட்ட ரூபிகான் மாடலுக்கு 4.10. டயர் ஏறினால் ரேஷியோவும் ஏறணும் என்று வண்டி செய்கிறவனே நினைக்கிறான்.

என் வண்டியில் குறையை மறைக்க எட்டு கியரும் பெரிய இன்ஜினும் இருந்தன. ஜிப்சியில் ரெண்டும் இல்லை.

புதுசு 4x4

சின்னக் கேள்வி, சிரிக்காதீங்க. பாதி நேரம் 2 வீல் டிரைவில்தான் ஓட்டுகிறோம். பின் ஆக்ஸிலுக்கு மட்டும் கிரௌன் பினியன் மாற்றினால் பாதிக் காசில் முடியாதா?

லேத் செட்டு

முடியும், அப்புறம் 4 வீல் லீவரைப் பிடுங்கித் தூரப் போட்டுடணும். முன்னும் பின்னும் வேற வேற ரேஷியோ வைத்துக்கொண்டு 4 வீல் போட்டால் ஒரே வேகத்தில் போகவேண்டிய சக்கரங்களை வேற வேற வேகத்தில் சுற்றச் சொல்கிற மாதிரி. கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு) போகும், இல்லை ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செயின்... ஜிப்சிக்குச் செயின் கிடையாது, கியர்தான், ஆக கியர் போகும். மாற்றினால் ரெண்டு பக்கமும் மாற்றணும். செலவு இரட்டிப்பாவதும் இதனால்தான்.

காரமடைத் தம்பிக்கு வருகிறேன். ஜிப்சிக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பழைய எம்ஜி410, அந்த 970 சிசி வண்டி, அதன் ஆக்ஸில் ரேஷியோ 4.11. கிங்கில் இருப்பது 3.73. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10.3 சதவீதம். உங்கள் டயர் ஏறியது 9.8. இதைவிடப் பொருத்தமாக யாரும் செய்து தர முடியாது. 4.11 போட்டால் மீட்டரும் தானாகவே சரியாகிவிடும், உண்மையான 80இல் பழைய 2650 ஆர்பிஎம்மும் திரும்பி வரும்.

இன்னொன்று. ஜிப்சியில் டிஃபரன்ஷியல் கேரியரோடு (கிரௌனையும் பினியனையும் தாங்குகிற கூடு) மொத்தமாகக் கழற்றுகிற அமைப்பு. பின்பக்கம் ஆக்ஸில் ஷாஃப்ட் ரெண்டையும் உருவி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை விடுவித்து, சுற்றியுள்ள நட்டைக் கழற்றினால் முழுசாகக் கையில் வந்துவிடும். நல்ல நிலையில் உள்ள 410 கேரியரை அப்படியே முழுதாக வாங்கி மாட்டினால் கிரௌனும் பினியனும் ஏற்கெனவே பழகின ஜோடியாக வரும். யாரும் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து செட் பண்ண வேண்டியதில்லை. ஊளைச் சத்தம் வருவதெல்லாம் ஒரு வண்டிக் கிரௌனையும் இன்னொரு வண்டிப் பினியனையும் சேர்க்கும்போதும், ப்ளூ (நீலச் சாயம்) தடவிப் பல் படிவதைப் பார்க்காமல் அவசரத்தில் மூடும்போதும்தான்.

முன்பக்கம்தான் வேலை. ஷாஃப்ட் வெளியே வரணும் என்றால் ஸ்டியரிங் நக்கிள் (முன் சக்கரம் திரும்புகிற மூட்டு) வரை பிரிக்கணும். பிரித்த கையோடு நக்கிள் சீலையும் கிங் பின் பேரிங்கையும் புதுசாகப் போட்டுவிடுங்கள். அதுக்காக இன்னொரு தடவை திறப்பது வீண்.

காரமடை கிங்

ரொம்ப நன்றிங்க அண்ணா. 410 கேரியர் என்று சொல்லிக் கடையில் 3.73ஐத் தலையில் கட்டிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கும்?

லேத் செட்டு

கேரியர் வெளியே கிடந்தால் பல்லை எண்ணிவிடலாம். கிரௌனில் 41, பினியனில் 11 என்றால் 3.73. கிரௌனில் 37, பினியனில் 9 என்றால் 4.11. சாக்பீஸில் ஒரு பல்லைக் குறித்துவிட்டு எண்ணுங்கள். எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராணுவ ஏலத்தில் வந்து கைமாறின ஜிப்சிகளில் யார் எதை மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். மற்றது தரையில் இருக்கட்டும், கட்டை வையுங்கள். தூக்கின சக்கரத்தை 20 முறை சுற்றுங்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று ஒருவர் எண்ணட்டும். 37 சொச்சம் வந்தால் 3.73, 41 வந்தால் 4.11. ஒரு சக்கரம் நிற்கும்போது மற்றது ரெண்டு சுற்று சுற்றினால்தான் கிரௌன் ஒரு சுற்று, அதனால்தான் 20.

வாங்குகிற கேரியரில் ஆக்ஸில் ஷாஃப்ட் நுழைகிற ஸ்ப்லைன் (வரிப் பல்) எண்ணிக்கை உங்கள் ஷாஃப்ட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒரு ஷாஃப்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாலே போதும்.

டாப்சிலிப் 31

4.11க்கு எல்லோரும் கைதட்டுகிறீர்கள், நான் வேறு பக்கம் நிற்கிறேன். காட்டுக்குப் போகிற ஜிப்சிக்கு ஆக்ஸிலைவிட ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் மாற்ற வேண்டிய இடம்.

ஜிப்சியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது. உள்ளே கம்பெனி ரேஷியோ ஹை 1.409, லோ 2.268. வெளிநாட்டில் சாமுராய்க்கென்றே (ஜிப்சியின் சகோதர வண்டி) 4.16, 4.9 என்று லோ ரேஷியோ கியர் செட் கிடைக்கிறது. 4.16 செட்டில் ஹையும் சுமார் 12 சதவீதம் இறங்கும். அதாவது ரோட்டில் 235 டயரின் குறை முழுசாகப் போய்விடும், கூடவே லோவில் 83 சதவீதம் கூடுதல் குறைப்பு கிடைக்கும்.

முதல் கியர், லோ, ஆக்ஸில் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். கம்பெனி ஜிப்சிக்கு 31 வரும். 4.11 போட்டால் 34. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றினால் ஆக்ஸிலைத் தொடாமலே 56க்கு மேல். பாறை மேல் கிளட்ச் மிதிக்காமல் ஊர்ந்து ஏறுவது இந்த எண்ணில்தான். மேனுவல் ரூபிகான் ராங்லருக்கு இது 84, அதனால்தான் அது பாறையில் நடக்கிறது. ஒரே பெட்டியைத் திறந்தால் போதும், முன் ஆக்ஸில் பின் ஆக்ஸில் ரெண்டையும் ஜோடி சேர்க்கிற தலைவலியும் இல்லை.

லேத் செட்டு

நல்ல கியர்தான், மறுக்கவில்லை. ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளியேறும் ஷாஃப்ட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் எந்தப் பல்லை மாற்றினாலும் மீட்டருக்குத் தெரியாது. ஆக 80 காட்டி 88இல் போகிற கதை அப்படியே தொடரும்.

ரெண்டாவது, ட்ரான்ஸ்ஃபர் கேஸில் பெருக்கின முறுக்கு விசை முழுக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பினியன், முன் சக்கர ஜாயின்ட் என்று எல்லாவற்றின் வழியாகவும் போய்த்தான் ஆகணும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வைத்துக்கொண்டு, 31 இன்ச் டயர் பாறையில் மாட்டியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உடைவது முன் ஜாயின்ட்தான். லோ ரேஷியோ ஆழமாக ஆக, கால் மெதுவாக இருக்கணும்.

ஆக்ஸில் ரேஷியோவிலும் பலவீனம் உண்டு. 11 பல் பினியன் 9 ஆகிறது என்றால் பினியன் சின்னதாகிறது என்று அர்த்தம். 5.12 போடுகிறவர்களுக்கு அது 8 பல்தான். 4.11 வரை எனக்குப் பயமில்லை.

டாப்சிலிப் 31

உடைவது காலில்தான் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். 31 இன்ச் டயருக்குப் போகிறவர்களுக்காகத்தான் நான் எழுதியது. 31 டயர் கம்பெனி டயரைவிட கிட்டத்தட்ட 18 சதவீதம் பெரியது. அதற்கு ஈடுகட்ட 4.39 வேண்டும், 4.11 பத்தாது. 4.57 இறக்குமதி செய்வதற்கு ட்ரான்ஸ்ஃபர் கியர் இறக்குமதி செய்துவிடலாம். 235ஓடு நிற்கிறார், வாரக் கடைசியில் மலை ரோடும் கொஞ்சம் மண் ரோடும்தான் என்றால் 4.11 போதும்.

ஜிம்னி பச்சை

என்னுடையது ஐந்து கதவு ஜிம்னி மேனுவல். 195/80 ஆர்15இலிருந்து 215/75 ஆர்15 போட்டேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?

பல்லெண்ணி

693 மி.மீ. 703 ஆகியிருக்கிறது. ஒன்றரை சதவீதம். உங்கள் ஆக்ஸில் 4.09, முதல் கியர் 4.425. டயர் முழுசாகத் தேய்ந்தாலே இதைவிட வித்தியாசம் வரும். நிம்மதியாகத் தூங்குங்கள். 235/75க்குப் போனால்கூட 6 சதவீதம்தான், அதுவும் தாங்கும்.

காரமடை கிங்

இன்னொரு சந்தேகம். டயர் மாற்றினதிலிருந்து மைலேஜ் 12இலிருந்து 11க்கு இறங்கிவிட்டது. 4.11 போட்டால் இன்ஜின் அதிகம் சுற்றும், இன்னும் இறங்கிவிடுமா?

பல்லெண்ணி

இறங்கவே இல்லை தம்பி. கிலோமீட்டர் எண்ணுவதும் அதே கேபிள்தான். மீட்டரில் 100 கி.மீ. என்றால் நீங்கள் ஓடியது 110 கி.மீ. பக்கம். 11ஐ 1.098ஆல் பெருக்குங்கள், பழைய 12 அப்படியே இருக்கிறது. மலையில் 4.11 போட்டபின் ஆக்ஸிலரேட்டரை அமுக்குவது குறையும் என்பதால் பெரிய இழப்பு வராது. பைபாஸிலேயே ஓடுகிற வண்டிக்குக் கொஞ்சம் குறையலாம்.

சும்மா ஓட்டு

இவ்வளவு கணக்குப் போட்டும் நான் மாறவில்லை. தனியாளாக, லக்கேஜ் இல்லாமல் ஓட்டுகிறவனுக்குக் கம்பெனி ஆக்ஸிலே போதும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர் என்றால் உங்கள் பாடு.

ஒன்றை யாருமே சொல்லவில்லை. பெரிய டயரைக் கிளப்ப மட்டும்தான் கஷ்டமா, நிறுத்தவும் கஷ்டம். கிரௌன் பினியன் மாற்றினால் பிரேக் மாறாது. கல்ஹட்டி 36 வளைவு இறங்கிப் பாருங்கள், புரியும். முதலில் பேடும் பின் டிரம்மும் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

லேத் செட்டு

இதில் அண்ணன் பேச்சை அப்படியே கேட்கணும். பிரேக் பிடிக்கிற விசை அதே, டயர் ஆரம் அதிகம், அதனால் பத்து சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டிவரும். ஒரே ஒரு ஆறுதல், 4.11 போட்டால் இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்துகிற பலம் பழையபடி வந்துவிடும். ரெண்டாவது கியரில் விட்டு இறங்கினால் பிரேக்குக்கு வேலை குறையும்.

மூணாறு ரோடு

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, வண்டியைக் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உள்ளே இருக்கிற பல்லை யாரும் எண்ணப்போவதில்லை, வெளியே துருத்திக்கொண்டிருக்கிற டயரைத்தான் செக் போஸ்டில் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் பேச்சு வரலாம்.

காரமடை கிங்

சரி, முடிவு பண்ணிட்டேன். 235ஓடு நிற்கிறேன், 31 ஆசை இல்லை. 410 கேரியர் ஜோடி ஒன்று உக்கடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன், சாக்பீஸோடும் ஒரு ஆக்ஸில் ஷாஃப்ட்டோடும் போகிறேன். அதற்கு முன்னால் பிரேக் வேலை. மாட்டினபிறகு கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

லேத் செட்டு

வாங்கும்போது பினியனைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. கிரௌன் பல்லில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, நீலம் பாய்ந்து கருகியிருந்தாலோ வேண்டாம், ஆயில் இல்லாமல் ஓடின சரக்கு அது. கேரியரை ஹவுசிங்கில் வைக்கும் முன் ப்ரீதர் ஓட்டை (சூடான காற்று வெளியேறுகிற வழி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் ஆயில் சீல் வழியாகப் பிதுங்கும்.

ஆயில் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஊற்றுங்கள், ஜிஎல்-4 வேண்டாம். ஜோடி பழகினதுதான் என்றாலும் புதுப் பேரிங் ஏதாவது போட்டிருந்தால் முதல் 500 கி.மீ. லோடு ஏற்றாமல் ஓட்டி, ஆயிலை இறக்கிப் பாருங்கள். அடி போல்ட்டில் மாவு மாதிரி இரும்புத் தூள் இருந்தால் பரவாயில்லை, செதிலாக இருந்தால் உடனே போன் பண்ணுங்கள்.